ஆயிரம் பக்கப் புத்தகத்தோடு எப்படிப் பழகுவது?

கேள்வி: வணக்கம் சார். வலைப்பக்கங்களை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, எல்லாமே இதில் இருக்கிறது என்று நண்பர் சொன்ன ஒரு பெரிய ரெஃபரன்ஸ் புத்தகத்தை வாங்கினேன். ஏறத்தாழ ஆயிரம் பக்கம். தினமும் இரவு ஒரு மணி நேரம் படிக்கிறேன், மூன்று மாதத்தில் 140 பக்கம் வந்திருக்கிறேன். நேற்று, ஒரு பட்டனைத் தட்டினால் எண்ணிக்கை ஒன்று கூடுகிற மாதிரி எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வரி கூட வரவில்லை. இது எனக்கு வராதா? புத்தகத்தை மூடிவிட்டு வீடியோ பக்கம் போய்விடட்டுமா?

பதில்: வரும். தினமும் ஒரு மணி நேரம் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான குணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, மாற்ற வேண்டியது படிக்கிற முறையை மட்டும்தான்.

முதலில் அந்தப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியது மூன்று விஷயம்: எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ஒரு மாறி, அதைக் கூட்ட ஒரு ஃபங்ஷன், பட்டனைத் தட்டும்போது அந்த ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்ல ஆட்ஈவென்ட்லிஸனர். இந்த மாதிரிப் புத்தகங்களில் மாறி முதல் சில அத்தியாயங்களுக்குள் வந்துவிடும், ஃபங்ஷன் இன்னும் கொஞ்சம் தள்ளி வரும், மூன்றாவது விஷயம் பிரவுசரைப் பற்றிய பகுதியில், பல நூறு பக்கம் தாண்டித்தான் இருக்கும். நீங்கள் 140-ஆம் பக்கத்தில் அநேகமாக ஆபரேட்டர்களின் முன்னுரிமை அட்டவணையிலோ அதைத் தாண்டியோ நிற்கிறீர்கள். அப்புறம் எப்படி அந்த வரி வரும்? புத்தகம் மொழியின் அமைப்பைப் பார்த்து அடுக்கப்பட்டிருக்கிறது, மதிப்புகள், கோவைகள், கூற்றுகள், ஆப்ஜெக்டுகள் என்று. எழுதுகிறவருக்கு எது முதலில் தேவைப்படும் என்று பார்த்து அடுக்கவில்லை. தேடி எடுக்க அந்த வரிசை மிகவும் நல்லது, முதல் பக்கத்திலிருந்து நடந்து போக நல்லதில்லை.

ஆகவே இன்று இரவு படிக்காதீர்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு பொருளடக்கத்தின் முன்னால் உட்காருங்கள். மதிப்புகளும் வகைகளும், மாறியின் எல்லை, அதாவது ஸ்கோப், ஃபங்ஷனும் குளோஷரும் (ஃபங்ஷன் தனக்கு வெளியே இருக்கிற மாறியைப் பிடித்து வைத்துக்கொள்வது), ஆப்ஜெக்ட் (பெயரோடு சேர்த்து வைத்த மதிப்புகளின் தொகுப்பு), அரே (மதிப்புகளின் வரிசை), பிராமிஸ் (பிறகு வரப்போகிற விடையைக் குறிப்பது) ஆகிய இந்த ஆறுக்கும் ஒரு நட்சத்திரம் போடுங்கள். இவற்றைத்தான் மெதுவாக, வரிவரியாகப் படிக்க வேண்டும். ஈவென்ட் (தட்டுவது போன்ற நிகழ்வு), டாம் (பக்கத்தில் இருப்பவற்றை நிரல் தொடுகிற வழி) இரண்டுக்கும் ஒரு டிக், அவற்றை ஏதாவது கட்டிக்கொண்டே படிக்கலாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன், டைப்டு அரே, பிராக்ஸி, கேன்வாஸ், இன்டர்நேஷனலைசேஷன் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும், தலைப்பையும் முதல் பத்தியையும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுங்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம், பல வருடமாக இதில் வேலை செய்கிறவர்கள்கூட அந்த அத்தியாயங்களைத் தேவை வந்த அன்றுதான் திறக்கிறார்கள்.

இப்போது அந்த நட்சத்திர அத்தியாயங்கள். இவற்றைக் கையில் புத்தகத்தோடு படுக்கையில் படித்தால் ஒன்றும் ஒட்டாது. பிரவுசரில் எஃப்12 விசையைத் தட்டிக் கன்சோலை, அதாவது நிரலைத் தட்டி உடனே ஓட்டிப் பார்க்கிற இடத்தை, திறந்து வையுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டு. புத்தகத்தில் ஒவ்வொரு எடுத்துக்காட்டு வரும்போதும், அதன் விடையைப் பார்ப்பதற்கு முன்னால், என்ன வரும் என்று நோட்டில் எழுதுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும். மனதுக்குள் நினைத்துக்கொண்டால், விடையைப் பார்த்ததும் நமக்கே தெரியாமல் நினைப்பு அதற்கேற்ப மாறிவிடும், "அதைத்தான் நானும் நினைத்தேன்" என்று தோன்றும்.

ஒன்றைச் செய்தே பார்ப்போம். [10, 9, 1] என்று ஒரு அரே. அதன்மேல், வரிசைப்படுத்தித் தருகிற சார்ட்-ஐ, அடைப்புக்குறிக்குள் எதுவும் கொடுக்காமல், கூப்பிடுங்கள். என்ன வரும்? 1, 9, 10 என்று எழுதியிருப்பீர்கள். கன்சோல் 1, 10, 9 என்று காட்டும். இங்கேதான் படிப்பு தொடங்குகிறது. இப்போது புத்தகத்தில் சார்ட் பகுதிக்குப் போங்கள்: எப்படி ஒப்பிட வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அது ஒவ்வொன்றையும் எழுத்துச்சரமாக மாற்றி, எழுத்தெழுத்தாக ஒப்பிடும். "10" என்பதன் முதல் எழுத்து "1", அது "9"-க்கு முன்னால் வரும், அதனால் பத்து ஒன்பதைத் தாண்டி முன்னே வந்துவிடுகிறது. எண்ணாக ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு மதிப்பை வாங்கி முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தருகிற ஒரு சின்ன ஃபங்ஷனை நாம் கொடுக்க வேண்டும். இந்தப் பத்தியை வெறுமனே படித்திருந்தால் நாளைக்கே மறந்திருக்கும். தப்பாக எழுதி, அடித்து, பிறகு படித்ததால் இனி மறக்காது.

இன்னொன்று, இது கொஞ்சம் ஆழமானது, குளோஷர் அத்தியாயத்துக்கு வந்ததும் செய்யுங்கள். 0-இல் தொடங்கி 3-ஐ விடக் குறைவாக இருக்கும் வரை ஓடும் ஒரு ஃபார் லூப், மாறியை வார் போட்டு அறிவியுங்கள். உள்ளே செட்டைம்அவுட் வைத்து, ஒரு நொடி கழித்து அந்த மாறியை அச்சிடச் சொல்லுங்கள். 0, 1, 2 வரும் என்று எழுதியிருப்பீர்கள், 3, 3, 3 வரும். அந்த ஒரே வார்த்தையை, வார் என்பதை லெட் என்று மாற்றுங்கள், 0, 1, 2 வரும். வார் போட்டால் லூப் முழுவதற்கும் ஒரே மாறிதான், ஒரு நொடி கழித்து மூன்று ஃபங்ஷனும் எழுந்து அதே மாறியைப் பார்க்கும்போது லூப் முடிந்து அதில் 3 உட்கார்ந்திருக்கிறது. லெட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஒரு மாறி பிறக்கிறது, ஒவ்வொரு ஃபங்ஷனும் தன்னுடையதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதை உங்கள் சொந்த வார்த்தையில் நோட்டில் விளக்க முடிந்தால் ஸ்கோப், குளோஷர் இரண்டும் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பிடிபட நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளில் வேறெதையும் படிக்கவில்லை.

சரி, மீதிப் பக்கங்கள் எதற்கு என்றால், மாட்டிக்கொள்கிற அன்றைக்கு. தொடக்க காலத்தில் மாதத் தவணையை நினைவூட்டுகிற ஒரு சின்னப் பக்கம் எழுதியிருந்தேன், இன்றைய தேதியை எடுத்து, மாத எண்ணில் ஒன்றைக் கூட்டி, அடுத்த தவணை நாளைக் காட்டும். வாரக்கணக்கில் சரியாகவே ஓடியது. ஜனவரி 31 அன்று அது பிப்ரவரியை விட்டுவிட்டு மார்ச் 3 என்று காட்டியது. இரண்டு மணி நேரம் வேறு எங்கெங்கோ பிழை தேடினேன். கடைசியில் புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவில் டேட் என்று பார்த்து அந்தப் பக்கத்துக்குப் போனால் இரண்டே வாக்கியம்: மாதங்கள் 0-இலிருந்து எண்ணப்படுகின்றன, ஆனால் நாட்கள் 1-இலிருந்து; மாதத்தில் இல்லாத நாளைக் கொடுத்தால் பிழை எழாது, மிச்ச நாள் அடுத்த மாதத்துக்கு வழிந்துவிடும். பிப்ரவரி 31 என்று ஒன்று கிடையாது, 28-க்கு மேல் மூன்று நாள், ஆகவே மார்ச் 3. லீப் ஆண்டாக இருந்தால் மார்ச் 2. ரெஃபரன்ஸ் புத்தகத்தின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதனால்தான் சொல்லடைவைப் பயன்படுத்தப் பழகுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வீடியோ பார்க்கலாமா என்றால், தாராளமாக. ஒருவர் பிழை வந்ததும் எங்கே போய்ப் பார்க்கிறார், கை எப்படி நகர்கிறது என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. ஆனால் அந்த மார்ச் 3 விவகாரம் போல ஒன்று வரும்போது இருபது மணி நேர வீடியோவில் அந்த இரண்டு வாக்கியத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்? இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் வேலை முடிந்ததும், நாளைக்கு முதல் காரியமாக ஆட்ஈவென்ட்லிஸனர் பக்கத்தைச் சொல்லடைவிலிருந்து கண்டுபிடித்து அந்தப் பட்டனை எழுதி முடித்துவிடுங்கள். நேற்று வராத அந்த வரி நாளைக்கு வந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2011-இல் வந்த பதிப்பு, அண்ணன் படித்தது. அதிலேயே கற்கலாமா, புதிது வாங்க வேண்டுமா?

பதில்: அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் இன்றைக்கும் உண்மைதான், இந்த மொழியில் அது ஒரு விசேஷம். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார், அந்த அவசரத்தில் நுழைந்த சில கோணல்கள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. "மதிப்பு எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கிற null-ஐக் கொடுத்து, அது என்ன வகை என்று டைப்ஆஃப் மூலம் கேட்டால் "ஆப்ஜெக்ட்" என்று சொல்லும், அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், திருத்தவில்லை. திருத்தினால் அதை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ பழைய பக்கங்கள் உடைந்துவிடும். வலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை உடைக்கக் கூடாது என்பதில் இந்த மொழியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மிகக் கவனமாக இருக்கிறார்கள். அதனால் பழைய புத்தகத்தின் பாடம் பொய்யாகிவிடுவதில்லை.

சிக்கல், அதில் இல்லாதவற்றால் வருகிறது. 2009 டிசம்பரில் இந்த மொழியின் விதிகளைச் சொல்லும் தரநிலை ஆவணத்தின் ஐந்தாம் பதிப்பு வந்தது, உங்கள் புத்தகம் அதோடு நிற்கும். அடுத்த பெரிய மாற்றம் 2015 ஜூனில். லெட், கான்ஸ்ட், ஆரோ ஃபங்ஷன், கிளாஸ், மாட்யூல், பிராமிஸ், டெம்ப்ளேட் சரம் எல்லாம் அப்போது வந்தவை. அசிங்க், அவெய்ட் 2017-இல். 2015-க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தரநிலை புதுப்பிக்கப்படுகிறது. 1997-இல் முதல் தரநிலை ஆவணம் சுமார் 110 பக்கம், 2015-இல் 500 பக்கத்துக்கு மேல், அவ்வளவு வளர்ந்திருக்கிறது. இன்று யாருடைய நிரலைத் திறந்தாலும் முதல் வரியிலேயே, மதிப்புக்குப் பெயர் வைத்து அறிவிக்க, கான்ஸ்ட் நிற்கும், உங்கள் புத்தகமோ வார் மட்டும்தான் சொல்லும், நீங்கள் குழம்பிப்போவீர்கள்.

என் கருத்து: முதன்முதலாகக் கற்கிறீர்கள் என்றால் 2020-க்குப் பிறகு வந்த பதிப்பு ஒன்றை வாங்குங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள். அண்ணனின் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், புரோட்டோடைப் (ஒரு ஆப்ஜெக்ட் இன்னொன்றின் பண்புகளைப் பெறுகிற முறை), குளோஷர் பற்றிய விளக்கங்கள் பழைய புத்தகங்களில் பல நேரம் இன்னும் பொறுமையாக இருக்கும், அன்றைக்கு கிளாஸ் இல்லாததால் அதை விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு என்று தனியாக எழுதிய பகுதிகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுங்கள்.

கேள்வி: ஜாவா தெரிந்தால்தான் ஜாவாஸ்கிரிப்ட் வருமா?

பதில்: வேண்டியதில்லை, இரண்டும் வேறு வேறு மொழிகள். முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்று இருந்த பெயர், 1995 டிசம்பரில், ஜாவா பிரபலமாக இருந்த நேரத்தில், இப்படி மாற்றப்பட்டது. பெயர்க் குழப்பம் அன்றிலிருந்து தொடர்கிறது.

கேள்வி: எடுத்துக்காட்டு நிரல்களை எல்லாம் கையால் தட்டச்சு செய்ய வேண்டுமா? புத்தகத்தோடு கோப்புகளாகவே தருகிறார்களே, அதை ஓட்டிப் பார்த்தால் போதாதா?

பதில்: தட்டச்சு செய்யுங்கள். புத்தகத்தில் வருகிற நிரல் பல பேர் சரிபார்த்த நிரல், அது தப்பே செய்யாது. நீங்கள் தட்டும்போதுதான் தப்பு வரும், அந்தத் தப்பு உங்களுக்கு வேண்டும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஃபங்ஷன் ஒரு ஆப்ஜெக்டைத் திருப்பித் தர வேண்டும், புத்தகத்தில் ரிட்டர்ன், அதே வரியில் நெளிவு அடைப்புக்குறி. நீங்கள் அழகாக இருக்கட்டுமே என்று ரிட்டர்ன் போட்டுவிட்டு அடைப்புக்குறியை அடுத்த வரியில் தொடங்குகிறீர்கள். ஃபங்ஷன் ஆப்ஜெக்டுக்குப் பதிலாக அன்டிஃபைன்டை, அதாவது மதிப்பு எதுவும் தரப்படவில்லை என்பதை, திருப்பித் தருகிறது, சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கூட வராமல் போகலாம். ரிட்டர்னுக்குப் பிறகு வரி முடிந்தால் அங்கே ஒரு அரைப்புள்ளி இருப்பதாக மொழியே எடுத்துக்கொள்கிறது, அதுதான் காரணம். கோப்பைத் திறந்து ஓட்டியிருந்தால் தானாக இடப்படும் அரைப்புள்ளி பற்றிய அந்தப் பகுதியை நீங்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள்.

இருநூறு வரி எடுத்துக்காட்டு வந்தால் மட்டும் கோப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் ஏதாவது ஒன்றை மாற்றாமல் மூடாதீர்கள்.

கேள்வி: ஏஐ-யிடம் கேட்டால் நொடியில் நிரலே எழுதித் தருகிறது. இந்தக் காலத்தில் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

பதில்: நானும் தினமும் கேட்கிறேன், நிறைய நேரம் மிச்சமாகிறது. ஆனால் நமக்குக் கேட்கத் தெரிந்ததற்குத்தான் அது நன்றாகப் பதில் சொல்கிறது. மேலே சொன்ன 3, 3, 3 விஷயத்தைப் பாருங்கள்: "என் லூப் சரியாக வேலை செய்யவில்லை" என்று கேட்பவருக்கும் "செட்டைம்அவுட்டுக்குள் இருக்கிற ஃபங்ஷன் எந்த மாறியைப் பிடித்து வைத்திருக்கிறது" என்று கேட்பவருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றாக இருக்காது. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க ஸ்கோப் அத்தியாயம் வேண்டும்.

அப்புறம், அது தருகிற நிரலைச் சரிபார்க்க வேண்டியது நீங்கள்தான். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று ஒரு நிரல் சோதிக்கிறது என்றால், பார்த்தவுடனே உங்களுக்கு உறுத்த வேண்டும், ஏனென்றால் விடை 0.30000000000000004, சமம் என்று ஒருபோதும் வராது. எண்கள் 64 பிட் மிதவைப்புள்ளியாக, இப்படிப்பட்ட தசமங்கள் தோராயமாக, சேமிக்கப்படுவதால் வரும் விளைவு இது, எண்களைப் பற்றிய அத்தியாயத்தில் தெளிவாக இருக்கும். ஒருமுறை பொறுமையாகப் படித்தவர் கண்ணுக்கு இது தப்பாது. நான் செய்வது இதுதான்: ஏஐ தருகிற விடையில் எனக்குத் தெரியாத ஒரு மெத்தட் (சார்ட் போல, ஒரு மதிப்பின் மேல் கூப்பிடுகிற ஃபங்ஷன்) இருந்தால், அதை ஒட்டுவதற்கு முன்னால் புத்தகத்திலோ, எம்டிஎன் என்ற இணைய ஆவணத் தளத்திலோ அதன் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் அவ்வளவு பழக்கமில்லை. நல்ல புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகிறது, பாதியில் விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: விட்டுவிடாதீர்கள், இது கதைப் புத்தக ஆங்கிலத்தை விடச் சுலபமானது. கதையில் ஒவ்வொரு பக்கத்திலும் புதுப்புது வார்த்தை வரும், ரெஃபரன்ஸ் புத்தகத்தில் அதே நாற்பது ஐம்பது வார்த்தைதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் ஆறேழு வார்த்தை பிடிபட்டாலே ஒரு மெத்தட்டின் பக்கத்தைப் படித்துவிடலாம். ரிட்டர்ன்ஸ் என்று தொடங்கினால் அது திருப்பித் தருவது என்ன என்று சொல்கிறார்கள். த்ரோஸ் என்றால் எந்தச் சூழலில் பிழையை எழுப்பும் என்பது. ஆப்ஷனல் என்றால் கொடுக்காமலும் விடலாம், டிஃபால்ட் என்றால் கொடுக்காவிட்டால் எதை எடுத்துக்கொள்ளும் என்பது. டெப்ரிகேட்டட் என்று கண்டால் புதிதாக எழுதும் நிரலில் அதைத் தொடாதீர்கள்.

இவற்றில் நான் மிக முக்கியமானதாக நினைப்பது மியூட்டேட்ஸ், அல்லது இன் பிளேஸ் என்று எழுதியிருப்பார்கள், இருப்பதையே மாற்றிவிடும் என்று அர்த்தம். ஸ்லைஸ், ஸ்ப்லைஸ் என்று இரண்டு மெத்தட் உண்டு, காதில் விழும்போது ஒன்று போலவே இருக்கும். நான்கு மதிப்புள்ள ஒரு அரேயில் ஸ்லைஸ் போட்டு முதல் இரண்டைக் கேளுங்கள், இரண்டின் நகல் கிடைக்கும், மூல அரேயில் நான்கும் அப்படியே இருக்கும். ஸ்ப்லைஸ் போட்டுக் கேளுங்கள், அதே இரண்டு கிடைக்கும், ஆனால் மூலத்தில் இப்போது இரண்டுதான் மிச்சம். அந்த ஒரு ஆங்கில வார்த்தையைக் கவனிக்காமல் விட்டால் உங்கள் தரவில் பாதி காணாமல் போகும், எங்கே போனது என்றும் தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு சொல் பட்டியல் தொடங்குங்கள், வார்த்தைக்குப் பக்கத்தில் அகராதிப் பொருளை எழுதாமல், அதைப் பார்த்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நூறு பக்கம் தாண்டுவதற்குள் அரை மணி நேரம் பத்து நிமிடமாகிவிடும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம், மொழி அதை ஏற்றுக்கொள்ளும். லெட், இஃப், ரிட்டர்ன் போன்ற சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். பலரோடு சேர்ந்து எழுதும் வேலைக்கு இது ஒத்துவராது, ஆனால் நீங்கள் தனியாகக் கற்கிற நாட்களில் மாறிக்கு மொத்தம் என்றும் ஃபங்ஷனுக்குக் கூட்டு என்றும் பெயர் வைத்து எழுதிப் பாருங்கள். எது மொழிக்குச் சொந்தமான சொல், எது நீங்களாக வைத்த பெயர் என்பது ஒரே பார்வையில் பிரிந்து தெரியும்.